பல்லுக்கார மீன்களுக்கு எந்த முள்?

மீன் தப்பிய பிறகு திரும்பி வரும் தூண்டில் முள்ளைப் பார்த்தாலே நடந்தது பாதி புரிந்துவிடும். வளைவு விரிந்து முனை வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் கம்பி தாங்கவில்லை. நுனி மட்டும் மழுங்கியிருந்தால் எலும்பில் மோதி வழுக்கியிருக்கிறது. முள்ளே திரும்பி வரவில்லையா? லீடரை, அதாவது முள்ளைக் கட்டும் நுனி நரம்பை, பல் அறுத்துவிட்டது. அதற்கு முள்ளைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பி லீடர் கட்டாமல் வீசியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஃப்ளை என்பது முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் போலி இரை. அதை வீசி ஆற்றில் பிடிக்கும் கோல்டன் டொராடோ, டைகர்ஃபிஷ், பயாரா, வுல்ஃப் ஃபிஷ் ஆகிய நால்வரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பரானா, உருகுவே ஆறுகளில் திரியும் டொராடோ 20 கிலோவைத் தாண்டக்கூடியது. தாடை கல் மாதிரி. சாம்பெசி ஆற்று டைகர்ஃபிஷின் வாயில் பற்களையும் எலும்பையும் விட்டால் முள் பதிய இடம் தேட வேண்டும். ஒரினோகோ, அமேசான் பக்கத்துப் பயாராவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு நீண்ட கோரைப்பற்கள். வாயை மூடும்போது அவை போய் உட்கார மேல்தாடையில் துளைகளே இருக்கின்றன. வுல்ஃப் ஃபிஷ் அதிகம் ஓடாது, கடித்து நசுக்கும்.

இப்படிப்பட்ட வாய்க்கு எல்லோரும் முதலில் கேட்பது தடித்த முள். கணக்குப்படி அதில் நியாயம் உண்டு. கம்பியின் விட்டம் 10 சதவீதம் கூடினால் வளையாமல் தாங்கும் திறன் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். ஆனால் உள்ளே இறங்க வேண்டிய குறுக்குப் பரப்பும் 21 சதவீதம் கூடிவிடும். ஃப்ளை வீசும் கோலோ வில்லாக வளைகிற சாமான். கையால் கொடுக்கிற இழுப்பில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். முனை மட்டும் எலும்பில் மாட்டி, வளைவு வரை இறங்காமல் நின்றால், மீனின் பலமெல்லாம் நுனியில் ஏறும். எவ்வளவு தடித்த முள்ளும் அப்போது நெம்பப்பட்டு விரியும். ‘முள் வலுவில்லை’ என்று தூக்கிப்போடுகிற பல முட்கள் உண்மையில் கூர்மையில்தான் தோற்றவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று முட்களை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

முதலாவது மஸ்டாட் 34007. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், நேரான காது (லீடரைக் கட்டும் துளை), கடல் ஃப்ளைகளுக்குப் பல தலைமுறைகளாகப் பயன்படும் முள். விலை குறைவு, துருப்பிடிக்காது. ஈரப் பெட்டியில் மறந்து வைத்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் பாக்கெட்டிலிருந்து எடுத்த கையோடு கட்டக்கூடாது. கட்டைவிரல் நகத்தில் முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் கடித்து நின்றால் சரி, வழுக்கினால் அரம் எடுக்க வேண்டியதுதான். இந்த முள் பெரும்பாலும் வழுக்கும். தீட்டினாலும், முள்ளுக்குப் பயன்படும் ஸ்டெய்ன்லெஸ், கடினப்படுத்திய கார்பன் ஸ்டீலை விட மென்மையானது. இரண்டு மூன்று தடவை பாறையில் உரசினால் கூர் போய்விடும். அதைவிட, உப்பே இல்லாத ஆற்றில் துருவுக்குப் பயந்து கூர்மையை விட்டுக்கொடுப்பது எனக்கு நஷ்ட வியாபாரமாகத்தான் படுகிறது. லீடரை அறுத்துக்கொண்டு போன மீனின் வாயில் ஸ்டெய்ன்லெஸ் நீண்ட நாள் கிடக்கும் என்பது இன்னொரு உறுத்தல்.

இரண்டாவது காமகட்சு பி10எஸ். பூ மாதிரி இறங்கும். மெல்லிய கம்பி, அகன்ற வாய், ஊசிக் கூர். நீர்மேல் மிதக்கும் மான்மயிர் ஃப்ளைக்கு இதைவிட நல்ல முள் எனக்குத் தெரியாது, ஏனென்றால் எடை குறைவு. பாஸ் மீனுக்கு அருமை. அந்தப் பழக்கத்தில் இதையே டொராடோவுக்கும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பிடிப்பது எளிது, பிடித்ததை வைத்திருப்பதுதான் பாடு. வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில்) மாட்டிக் குறடால் முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அது கொடுக்கிற வேகத்திலேயே விஷயம் விளங்கும். கட்டைக்கு அடியில் ஓடப்பார்க்கும் பெரிய மீனை லீடரின் முழு பலத்தோடு நிறுத்த இந்த முள்ளை நம்ப மாட்டேன்.

மூன்றாவது காமகட்சு எஸ்எல்12எஸ். தகரம் பூசிய கார்பன் ஸ்டீல், குட்டைத் தண்டு, தடித்த கம்பி, பெட்டியிலிருந்து வரும்போதே நகத்தில் கடிக்கும் முனை. பெரிய கடல் மீன்களுக்கென வந்தது, ஆனால் நன்னீரின் பல்லுக்கார மீன்களுக்கும் என் தேர்வு இதுதான். பி10எஸ் அளவுக்குச் சட்டென்று இறங்காது என்பது உண்மை. அதற்குக் கோலைத் தூக்காமல், கோலின் முனையை மீனை நோக்கியே வைத்து, இடது கையால் லைனை நீளமாக இழுக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. ட்ரௌட் பிடித்துப் பழகிய கை பதறிக் கோலைத் தூக்கிவிடும். அப்படித் தூக்குபவருக்கு எந்த முள்ளும் உதவாது. இதன் குறைகளும் உண்டு. கனத்தால் மிதக்கும் ஃப்ளையை மூழ்கடிக்கும், விலையும் அதிகம்.

அளவு என்று வந்தால் 2/0 முதல் 4/0 வரை போதும் (முதல் எண் ஏற ஏற முள் பெரிது). ஆனால் எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 3/0 இன்னொரு கம்பெனியின் 3/0 ஆக இருப்பதில்லை. கம்பியின் தடிப்பைச் சொல்லும் ‘2எக்ஸ் ஸ்ட்ராங்’ என்ற குறியும் அப்படித்தான். இரண்டு கம்பெனி முட்களையும் மேசையில் பக்கத்தில் வைத்து, முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ஃப்ளையின் தலை தடித்திருந்தால் அந்த இடைவெளியில் பாதி அங்கேயே போய்விடும்.

தண்டு நீளத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: குட்டைதான். நீண்ட தண்டு பல்லிலிருந்து லீடரைக் கொஞ்சம் காக்கும் என்பார்கள். அந்த வேலைக்குத்தான் கம்பி லீடர் இருக்கிறதே. நீண்ட தண்டு துள்ளும் மீனுக்கு நெம்புகோலாகிவிடுகிறது. ஃப்ளை நீளமாக வேண்டுமென்றால் வாலை இறகால் நீட்டுங்கள்.

அதில் ஒரு தொல்லை. பிரானா மீன் இருக்கும் தண்ணீரில் அந்த வால் அரை மணி நேரம் தாங்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு துண்டு போகும், கடைசியில் முள்ளோடு ஒட்டிய மொட்டைத் தலைதான் மிஞ்சும். வாலைக் கடிக்கிறவர்களைப் பிடிக்கப் பின்னால் இன்னொரு முள் கோப்பதும் உண்டு. சோதித்துப் பார்த்துவிட்டு நான் கைவிட்டேன். மீனை விடும்போது ஒரு முள் மீன் வாயிலும் இன்னொன்று கைக்குப் பக்கத்திலும் ஆடும் காட்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

எதிர்முள்ளை, அதாவது முனைக்குப் பின்னால் நீட்டியிருக்கும் சிறு கொக்கியை, நசுக்கிவிடுவது நல்லது. எலும்பில் இறங்கும்போது அந்தச் சிறு மேடுதான் முதல் தடை. குறடை முனைக்குக் குறுக்கே வைக்காமல், முனை நீண்டிருக்கும் திசையிலேயே வைத்து மெதுவாக அழுத்துங்கள். கடினப்படுத்திய முள் குறுக்கே அழுத்தினால் ‘டிக்’ என்று முனையோடு போய்விடும். இதை ஃப்ளை கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டிய ஃப்ளையின் முனை கடைசி நிமிடத்தில் ஒடிந்து மேசைக்கடியில் போன நாளில்தான் எனக்கு இந்த வரிசை மாறியது.