இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் வானவில்

பாறசாலையிலிருந்து கூட்டுக்காரன் கேட்டான்: "எடா, லைட்டுள்ள ரேம் வாங்ஙணோ?" நான் என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் மூன்று வருஷமாக இந்த லைட்டோடு மல்லுக்கட்டுவது அவனுக்குத் தெரியும். போனில் சொன்னால் திட்டாகவே வரும் என்பதால் எழுதுகிறேன்.

ஐப்பசி இடியில் கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனது. களியக்காவிளைப் பக்கம் அந்த மாதத்தில் சாயங்காலம் மானம் இருண்டாலே பிளக்கைப் பிடுங்க வேண்டும், நான் பிடுங்கவில்லை. புதுசு மாட்டி ஆன் செய்ததும் கேபினெட் முழுக்கத் திருவிழாப் பந்தல். அதை அடக்க உட்கார்ந்ததில் ஒரு ஞாயிறு போனது.

கம்பெனிக்காரர்கள் தரும் லைட் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான். நமக்கு இருப்பது ஆடம் ஹோன்ஸ் தொடங்கிய ஓப்பன்ஆர்ஜிபி என்ற இலவச மென்பொருள். போர்டு, விசிறி, கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் காட்டும். பின்னணியில் எதையும் ஓடவிடச் சொல்லாது. விசிறிக்கு மட்டும், அது போர்டில் சொருகியிருக்கும் ஹெட்டரில் எத்தனை எல்இடி என்று நாமே எண்ணிச் சொல்ல வேண்டும், போர்டுக்குத் தெரியாது. நான் குத்துமதிப்பாகப் பன்னிரண்டு போட்டேன். மூன்றாவது விசிறி எரியவே இல்லை. ஒயர் போய்விட்டதென்று மறுபடி கேபினெட்டைக் கழற்றினேன். (லைட் பிளக்கில் மூன்று முள் என்றால் 5 வோல்ட், நாலு முள் 12 வோல்ட். மாற்றிச் சொருகினால் எல்இடி கருகும். அந்தத் தப்பையாவது நான் செய்யவில்லை.)

ரேம்தான் சனியன். அதன் லைட்டுக்குத் தனி ஒயர் கிடையாது, போர்டுக்குள் சில்லுகள் பேசிக்கொள்ளும் எஸ்எம்பஸ் பாதை வழியாகத்தான் பேச வேண்டும். அதற்கு லினக்ஸில் ஐ2சி-டெவ் என்ற மாட்யூலை ஏற்ற வேண்டும், ஏஎம்டி போர்டு என்றால் கூடவே ஐ2சி-பிஐஐஎக்ஸ்4. சாதா பயனருக்கு அனுமதி தரும் யூடெவ் விதி போடாவிட்டால், முழு அதிகாரமுள்ள ரூட்டாக ஓட்டினால்தான் ரேம் கண்ணில் படும். இதெல்லாம் ஒருதடவை வேலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்ப்யூட்டரைச் சஸ்பெண்ட் போட்டுத் தூங்கவைத்து எழுப்பினால் இடப்பக்க ரேம் நல்ல பிள்ளையாக நீலத்தில் நிற்கும். வலப்பக்க ரேம் வானவில்லுக்குத் தாவிவிடும். ஒரே டப்பாவில் வந்த ஜோடி! இடம் மாற்றிப் பார்த்தேன், அதே ரேம்தான் தாவுகிறது. கடையில் கேட்டால், "லைட்டுக்கு வாரண்டி இல்ல சார்."

இப்போது கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடும் சிஸ்டம்டி ஸ்லீப் ஸ்கிரிப்டில் ஐந்து விநாடி பொறுத்து, நிறங்களைச் சேமித்து வைத்த புரொஃபைலை ஏற்றுகிறேன். பிறகு இன்னொரு தடவை. முதல் தடவை அது கேட்காது, ரெண்டாவதில் கேட்கும். சிலநாள் அதற்கும் கேட்காது. அன்றைக்குத் துண்டைப் போட்டு மூடுவேன்.

இவ்வளவு திட்டியும் அதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்டு போனாலும் மேலே விளக்கும் விசிறியும் ஓடும், போனதே தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் சின்ன யூபிஎஸ்ஸில். ஒருநாள் வேலைக்கு நடுவே அப்படியே அணைந்தது. அப்புறம் யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் அது ஒரு கட்டளையை ஓட்டும். அந்தக் கட்டளையில் ஓப்பன்ஆர்ஜிபியைக் கூப்பிட்டு எல்லா லைட்டையும் சிவப்பாக்கச் சொன்னேன். நாலு வரி. இப்போது அம்மா அடுக்களைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "மக்களே, பெட்டி செவந்துட்டு, கரண்டு போச்சு" என்கிறாள். அவளுக்கு லினக்ஸும் தெரியாது, லைட்டும் பிடிக்காது. அதைக் கேட்டதில் அந்த ஞாயிறு எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தச் சிவப்புக்கு மட்டும் வலப்பக்க ரேம் இன்றுவரை அடம்பிடித்ததில்லை, ஏனென்று புரியவில்லை.

ஆகவே கூட்டுக்காரா, லைட் இல்லாத கருப்பு ரேம் வாங்கு. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாய். "அப்ப நின்றெ ரேம் எனிக்கு தா, நான் கருப்பு வாங்கித் தராம்" என்கிறான். தரமாட்டேன்.