மருந்துத் தவறுகளைத் தடுத்தல்: தாதியருக்கான ஒரு நாள் செயலமர்வு

மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் தாதிய உத்தியோகத்தருக்காக நடத்திய இச்செயலமர்வில் பங்குபற்றினேன். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் மனனம் செய்வித்து அனுப்பிவிடும் வகுப்புகளையே அதிகம் கண்டிருந்தபடியால், பெரிய எதிர்பார்ப்பு எதுவும் எனக்கு இருக்கவில்லை.

முற்பகல் அமர்வு அந்த எண்ணத்தை மாற்றியது. குழுக்களுக்கு ஒரு கற்பனைச் சம்பவம் தரப்பட்டது: நோயாளியின் சிகிச்சை விபரங்கள் எழுதப்படும் கட்டில் தலைச்சீட்டில் 10 என்ற எண்ணை ஒட்டி, அலகைக் குறிக்க எழுதப்பட்ட 'யூ' என்ற ஆங்கில எழுத்து பூச்சியமாகத் தெரிந்ததால், நோயாளிக்கு 100 அலகு இன்சுலின் ஏற்றப்படுகிறது. தவறிழைத்தவர் யார் என்ற கேள்விக்கு இடங்கொடாமல், ஒவ்வொரு பதிலுக்கும் மீண்டும் "ஏன்?" என்று வளவாளர் கேட்டுக்கொண்டே போனார். அலகுகளில் அளவு குறிக்கப்பட்ட, இன்சுலினுக்குரிய சிரிஞ்ச் நோயாளர் விடுதியில் இல்லாமையால் சாதாரண சிரிஞ்ச் பயன்பட்டது. ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு கொண்ட மருந்தென்பதால் அந்தப் பிழையான அளவும் ஒரேயொரு மில்லிலீற்றராகவே இருந்தது, ஆகவே கைக்குச் சந்தேகம் தோன்றவில்லை. மருந்தை எடுக்கும்போது உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். இரண்டாவதாகச் சரிபார்த்தவரோ தாமாகக் கணக்கிடாமல் கையொப்பம் மட்டும் இட்டார். இந்தக் கடைசிக் காரணம் பேசப்பட்டபோது மண்டபத்தில் எழுந்த முணுமுணுப்பே, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் என்பதைக் காட்டியது.

தீர்வுகளை எழுதும்போது "கவனமாக இருத்தல்", "மீண்டும் பயிற்சியளித்தல்" ஆகியவற்றை வெட்டிவிடச் சொன்னதும் நல்ல கற்பித்தல். நீர்க்காமல் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய செறிவான பொட்டாசியம் குளோரைட்டை விடுதி அலுமாரியிலிருந்தே அகற்றிவிடுவது எத்தனை எச்சரிக்கை அறிவித்தலையும்விட வலிமையானது என்பது அதன்பின் இலகுவாக விளங்கியது.

பிற்பகல் அத்தனை சிறப்பாக அமையவில்லை. பல பாதுகாப்புத் தடைகளிலுள்ள ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் அமையும்போதே தவறு நோயாளியை எட்டுகிறது என்ற, உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனின் கோட்பாடும், உலக சுகாதார நிறுவனம் 2017இல், கடுமையான மருந்துத் தீங்குகளை 5 ஆண்டுகளில் 50 சதவீதம் குறைப்பதற்கென ஆரம்பித்த திட்டமும் படவில்லைகளாக விரைந்தோடின. கைந்நூல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தவறை அறிக்கையிட்டால் விளக்கம் கோரும் கடிதந்தானே வரும் என்று ஒருவர் கேட்டதற்குக் கிடைத்த பதில் மழுப்பலாகவே இருந்தது. காரணத்தை ஆராய அறிக்கை வேண்டும், அறிக்கைக்கு அச்சமின்மை வேண்டும் என்பதால், அக்கேள்விக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். மருந்தாளர்களையும் மருத்துவர்களையும் அழைக்காதது மற்றொரு குறை.

விடுதிப் பொறுப்புத் தாதியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வருவோர் முற்பகல் அமர்வைத் தவறவிடாதபடி நேரத்தோடு புறப்படுவது நல்லது.