ஓஜேஎஸ் மென்பொருள்: தமிழ் ஆய்விதழ் நடத்துவோருக்கு ஒரு மதிப்புரை

ஆய்விதழை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றதும் கல்லூரித் துறைகள் பெரும்பாலும் வெப்சைட் செய்து தருபவரைத்தான் அழைக்கின்றன. அவர் வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்து, இதழ் முழுவதையும் ஒரே பிடிஎஃபாக ஏற்றிக் கொடுத்துவிடுவார். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் தனிக் கோப்பாக, தனி முகவரியில், தனி விவரங்களோடு இருந்தால்தான், ஆய்வுக்கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலர் அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். 200 பக்க பிடிஎஃபுக்குள் இருக்கும் கட்டுரை, எழுதியவரே தேடினாலும் கிடைக்காது.

இந்த வேலைக்கென்றே உருவான மென்பொருள் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓஜேஎஸ். ஜான் வில்லின்ஸ்கி 1998இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் (பிகேபி) இதை உருவாக்கியது. பின்னர் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகமும் அதில் சேர்ந்தது. ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. 2020 கணக்கின்படி 25,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இதில் நடந்தன. தமிழ் ஆய்விதழுக்கும் இது தாராளமாகப் போதும் என்பதே இந்த மதிப்புரையின் முடிவு. ஆனால் நம் இதழ்கள் பலவும் இதை பிடிஎஃப் அடுக்கிவைக்கும் அலமாரியாகவே பயன்படுத்துகின்றன. அதன் உண்மையான பலன், கட்டுரையின் தலைப்பு, எழுதியவர், மொழி போன்றவற்றை நிரப்பும் விவரப் பதிவில் இருக்கிறது.

முதலில் ஆசிரியர் குழுவின் அன்றாட வேலையைப் பார்ப்போம். வந்துசேரும் கட்டுரை சமர்ப்பிப்பு, மதிப்பாய்வு, பிரதி திருத்தம், தயாரிப்பு என்று நான்கு நிலைகளைக் கடக்கிறது. யார் எப்போது என்ன சொன்னார், எந்தக் கோப்பு எந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது என்பதெல்லாம் ஒரே இடத்தில் பதிவாகிறது. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கட்டுரைகளைத் துரத்தும் இதழாசிரியருக்கு இது ஒன்றே பெரிய விடுதலை. மதிப்பாய்வாளருக்கான கெடுவையும், கெடு தாண்டினால் போகவேண்டிய நினைவூட்டலையும் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஆனால் ஓஜேஎஸ்ஸின் 3.3, 3.4 பதிப்புகளில் இந்த நினைவூட்டலை அனுப்பும் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் இயங்கும். வருகை குறைந்த தளத்தில் நினைவூட்டல் பல நாள் தாமதமாகும். சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையாக அமைத்துவிடுவதே சரி.

கட்டுரையாசிரியரும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாத மதிப்பாய்வைத் தேர்ந்தெடுத்தால் எழுதியவரின் பெயரை ஓஜேஎஸ் மதிப்பாய்வாளருக்குக் காட்டாது. ஆனால் வேர்ட் கோப்பின் பண்புகளுக்குள் ஒளிந்திருக்கும் பெயரை அது அழிக்காது. மதிப்பாய்வுக்கு அனுப்பும் முன் வேர்டிலேயே ஆவணப் பரிசோதனையை ஓட்டி அதை நீக்க வேண்டும். அடிக்குறிப்பில் ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்று வரும் இடங்களை மனிதர்தான் பார்த்து நீக்க முடியும்.

விவரப் பதிவுதான் இதழின் உயிர். கட்டுரைப் பக்கத்தை உருவாக்கும்போது தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள், பிடிஎஃப் முகவரி ஆகியவற்றை கூகுள் ஸ்காலர் படிக்கும் குறிச்சொற்களாக ஓஜேஎஸ் தானே எழுதிவிடுகிறது. நாம் பெட்டியில் என்ன நிரப்புகிறோமோ அதுதான் அங்கே போகும். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மு. கண்ணன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதற்பெயர் பெட்டியில் ‘கண்ணன்’, குடும்பப்பெயர் பெட்டியில் ‘மு.’ என்று நிரப்பினால் கட்டுரைப் பக்கத்தில் ‘கண்ணன் மு.’ என்று வரும். மேற்கோள் தானாக உருவாகும் இடத்தில் அது ‘மு., க.’ ஆகிவிடும். அதைப் பிரதியெடுத்து ஒட்டுகிறவர்கள் கண்ணனை அப்படியே தொலைத்துவிடுவார்கள். மாற்றிப் போடுங்கள்: முதற்பெயரில் ‘மு.’, குடும்பப்பெயரில் ‘கண்ணன்’. பக்கத்தில் ‘மு. கண்ணன்’ என்றும் மேற்கோளில் ‘கண்ணன், மு.’ என்றும் சரியாக வரும். பெயர்ப் பெட்டியை மொழிக்கு ஒன்றாக நிரப்பலாம் என்பதால் ஆங்கில எழுத்திலும் ஒரு வடிவம் கொடுத்துவிடுங்கள். அந்த எழுத்துக்கூட்டல் இதழுக்கு இதழ் மாறக் கூடாது. கட்டுரையாசிரியருக்கு, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் இருந்தால் அதையும் சேர்ப்பது நல்லது.

மொழியும் இப்படித்தான். பழைய பதிப்புகளில் கட்டுரையின் மொழி, தளத்தில் நிறுவிய இடைமுக மொழிகளுள் (பட்டிகளும் பொத்தான்களும் தெரியும் மொழிகள்) ஒன்றாக இருக்க வேண்டும். இடைமுகம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் தளங்களில் தமிழ்த் தலைப்பை ஆங்கிலப் பெட்டிக்குள் நிரப்பிவிடுகிறார்கள். விளைவு, அந்தக் கட்டுரை ஆங்கிலக் கட்டுரை என்ற முத்திரையோடு உலகெங்கும் உள்ள பட்டியல்களுக்குப் போய்ச் சேர்கிறது. 3.5 பதிப்பில் கட்டுரை மொழியை இடைமுக மொழியிலிருந்து பிரித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக 3.5க்குப் போக இதுவே போதுமான காரணம். தலைப்பும் சுருக்கமும் இரு மொழியிலும் இருக்கட்டும். வெளிநாட்டு நூலகத்தில் தேடுகிறவர் ஆங்கிலச் சுருக்கத்தின் வழியாகத்தான் தமிழ்க் கட்டுரைக்கு வருவார்.

அடுத்தது பிடிஎஃப். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். தேடுபொறிக்கு அது வெறும் பிதற்றல். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே பிடிஎஃப் ஆக்க வேண்டும். ஒருங்குறியிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’, ‘கை’ போன்ற எழுத்துகளில் கொம்பும் சங்கிலிக்கொம்பும் முன்னே வருவதால், சில மென்பொருள்கள் உருவாக்கும் பிடிஎஃபில் கொம்பு தனியாகவும் மெய் தனியாகவும் இடம் மாறிச் சேமிக்கப்படுகின்றன. சோதிக்க ஒரு நிமிடம் போதும்: பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ‘கொடை’ என்பது உடையாமல் வந்தால் தேடலிலும் வரும். உடைந்து வந்தால் லிப்ரே ஆபீஸ், வேர்ட் என்று வேறு வழியில் ஏற்றுமதி செய்து பாருங்கள். இன்டிசைனில் என்றால் உலகமொழி கம்போசரை (World-Ready Composer) தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எப்படியும் சரியாகாவிட்டால் அதே கட்டுரையை எச்டிஎம்எல் வடிவிலும் ஏற்றிவிடுங்கள். ஒரே கட்டுரைக்குப் பல வடிவங்களை ஓஜேஎஸ் ஏற்கும். கைபேசியில் படிப்பவருக்கும் எச்டிஎம்எல்தான் வசதி. பிடிஎஃப் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது ஸ்காலரின் வரம்பு. ஸ்கேன் செய்த பழைய இதழ்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

கட்டுரைக்கு நிரந்தர இணைப்பாக அமையும் டிஓஐ எண்ணை ஓஜேஎஸ் தானாகக் கொடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓஜேஎஸ் எண்ணை உருவாக்கும். ஆனால் அது மட்டும் போதாது. டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப்பில் உறுப்பினராகி, முன்னொட்டு (எண்ணின் முதல் பகுதி) வாங்கி, கட்டுரை விவரங்களை அங்கே பதிவு செய்தால்தான் அந்த இணைப்பு திறக்கும். ஆண்டுக் கட்டணம் தனி. புதிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 1 டாலர். பதிவு செய்யாத டிஓஐயைக் கட்டுரையில் அச்சிட்டு, சொடுக்கினால் பிழைப் பக்கம் வரும் இதழ்கள் ஏராளம். வாசகர் நம்பிக்கை போக இதைவிட விரைவான வழி இல்லை. 3.4 முதல் டிஓஐ நிர்வாகம் மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டதால், எது பதிவானது, எது பிழையில் நிற்கிறது என்று ஒரே பட்டியலில் தெரிகிறது. எண்ணின் பின்பகுதியில் இதழின் பெயர்ச்சுருக்கத்தைச் சேர்க்காமல், தானாக வரும் எட்டு எழுத்துக் குறியையே வைத்துக்கொள்ளுங்கள். இதழின் பெயர் பின்னாளில் மாறினாலும் எண் உறுத்தாது. இதழின் முகவரியை மாற்றினால் கிராஸ்ரெஃப்பில் புது முகவரியை மீண்டும் பதிய மறக்கக் கூடாது.

நிறுவுவது கடினமில்லை. ஓஜேஎஸ் 3.4க்கு சர்வரில் பிஎச்பி நிரல்மொழி 8.0, 3.5க்கு 8.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் எதுவானாலும் சரி. ஆபத்து ஓரிடத்தில் இருக்கிறது. சமர்ப்பிப்புகள் சேரும் கோப்புறையை இணையத்தில் திறக்கும் வெப் கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரையை யாரும் முகவரி தட்டி எடுத்துவிடலாம். ஊடுருவுபவர்கள் நிரல் கோப்பை ஏற்றி ஓட்டவும் அது வாசலாகிறது. இதழின் முகவரியில் சூதாட்டப் பக்கங்கள் முளைக்கும் தளங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். போலிப் பதிவுகளைத் தடுக்க மின்னஞ்சல் சரிபார்ப்பையும் மனிதர்தானா என்று சோதிக்கும் ரீகேப்ட்சாவையும், அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் இயக்குங்கள். மதிப்பாய்வாளராகத் தாமே பதிவு செய்யும் வசதியை மூடிவிடுங்கள்.

மின்னஞ்சலைச் சர்வரின் இயல்பு வழியில் விடாமல் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்பி, அனுப்புநர் உண்மையானவர் எனக் காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் டொமைனுக்கு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மதிப்பாய்வு அழைப்பு ஸ்பேமுக்குப் போகும். அழைக்கப்பட்டவர் பதில் சொல்லவில்லை என்று இதழாசிரியர் வீணாக வருந்திக்கொண்டிருப்பார்.

தோற்றத்தில் ஓஜேஎஸ்ஸுக்குச் சுமாரான மதிப்பெண்தான். இயல்புத் தீமின் எழுத்துருக்கள் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்தவை. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை ஸ்டைல் ஷீட்டில் சேர்த்து வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் படிக்க இதமாகும். வேறு தீம்களும் இலவசமாக உண்டு. இதற்கு மேல் பணம் செலவிட வேண்டியதில்லை.

பதிப்பு உயர்த்துவதுதான் எல்லோரும் பயப்படும் இடம். அந்தப் பயம் நியாயமானது. தரவுத்தளம், சமர்ப்பிப்புக் கோப்புறை, பொதுக் கோப்புறை, கான்ஃபிக் கோப்பு நான்கையும் பிரதியெடுத்து, ஒரு நகல் தளத்தில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய தளங்களில் தமிழ் உரை, தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 குறியீட்டு அட்டவணைகளுக்குள் கிடக்கும். தரவுத்தளத்தை அப்படியே நகர்த்தினால் தலைப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும். உயர்த்தும் முன்பே ஒருங்குறி வடிவமான யூடிஎஃப்8க்கு மாற்றி, பத்துக் கட்டுரைகளையாவது திறந்து பாருங்கள். 2 வரிசைப் பதிப்பில் நிற்பவர்கள் ஒரே தாவலில் 3.5க்கு வர முயலாமல் இடைப்பதிப்புகள் வழியாக வர வேண்டும்.

நிறுவிய முதல் வாரமே செய்யக்கூடிய ஒன்று, பிகேபி பாதுகாப்பு வலையமைப்பில் சேர்வது. கட்டணம் இல்லை. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் வெளியான ஒரு கட்டுரையும் இருந்தால் போதும். இந்தியாவில் ஐஎஸ்எஸ்என் இலவசம். அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். செருகுநிரலை இயக்கி நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் கட்டுரைகளின் பிரதிகள் பல சர்வர்களில் சேமிக்கப்படும். துறைத்தலைவர் மாறி, ஹோஸ்டிங் புதுப்பிக்காமல் விடப்பட்டு, தளமே மறைந்துபோனாலும் கட்டுரைகள் அங்கிருந்து திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, கிடைக்கும்.