கோடையில் கைவிடும் வலை: 60 மைக்ரான் பிளாங்டன் வலை, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஆய்வகக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில், நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களான பிளாங்டனைப் பிடிக்கும் இந்த வலையை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். 60 மைக்ரான் (0.06 மி.மீ.) கண்ணுள்ள நைலான் துணி, 30 செ.மீ. அகல எஃகு வளையம், அடியில் சிறு குழாய் பொருத்திய பிளாஸ்டிக் குடுவை ஆகியவையே இதன் உறுப்புகள். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர் ஏரியில், மதகருகே மாதம் இருமுறை 50 லிட்டர் நீரை வாளியால் மொண்டு இதில் வடித்துவந்தேன்.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த கார்த்திகையில் வலை குறையின்றி உழைத்தது. வறண்ட சேற்றில் உறங்கிக் கிடக்கும் முட்டைகள் புதுநீர் பட்டதும் பொரிவதால், குடுவையில் நீர்த்தெள்ளுகள் என்னும் சிறு ஓட்டுடலிகள் வெண்புள்ளிகளாகத் துள்ளுவதை வெறுங்கண்ணாலேயே காண முடிந்தது. நீர் வற்றத் தொடங்கிய மாசியில், முதுகில் சேணம் ஏற்றியதுபோல் கருத்த முட்டையுறை சுமந்த மொய்னா என்னும் நீர்த்தெள்ளு வகை தென்பட்டது. அடுத்த மழைக்கான தலைமுறை அந்த உறைக்குள்தான் காத்திருக்கிறது. (இவ்வுறைகள் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வேறு ஏரிக்குக் கொண்டு செல்லுமுன் வலையை நன்கு அலசிக் காயவைப்பது கட்டாயம்.)

சிக்கல் சித்திரையில் தொடங்கியது. பாசியால் பச்சைச் சாயம்போலாகிவிட்ட நீரில் 20 லிட்டர் ஊற்றுவதற்குள் துணி அடைத்துக்கொண்டது. மீதி நீர் உயிரினங்களையும் சேர்த்துக்கொண்டு விளிம்பு வழியே வெளியேறியது. அதை 50 லிட்டர் என்றே குறித்துவைத்த நான், கோடையில் பிராக்கியோனஸ் என்னும் சக்கர உயிரி குறைந்துவிட்டதாகச் சில வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பத்துப் பத்து லிட்டராக, இடையிடையே துணியைக் கழுவி வடித்தபோதுதான், குறைந்தது உயிரினமன்று, வலையின் திறன் என்பது புலப்பட்டது.

ஒரு மாத அளவீட்டுக்கு இது சிறு பிழை. காலநிலை மாற்றத்தை அறிய முனைபவருக்குப் பெரும்பிழை. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் மிகயில் கொழோவ் என்னும் ஆய்வாளர் 1945-இல் தொடங்கி, அவருடைய மகளும் பேத்தியும் தொடர்ந்த பதிவுகளைக் கொண்டுதான், 1946 முதல் ஏறத்தாழ 60 ஆண்டுகளில் மேல்நீர் 1.21 பாகை செல்சியஸ் வெப்பமடைந்ததும், நீர்த்தெள்ளுகளின் எண்ணிக்கை 335 விழுக்காடு பெருகியதும் தெரியவந்தன. ஆண்டு முழுவதும் 7 முதல் 10 நாளுக்கொருமுறை ஒரே ஒழுங்கில் மாதிரி எடுத்ததே அந்த எண்களுக்கு வலு. மேலும், நீர் வெப்பமடைகையில் சிற்றுடல் இனங்களின் பங்கு கூடுவதைப் பல ஏரிகளில் கண்டிருக்கிறார்கள்; அவற்றுள் மிகச் சிறியவை 60 மைக்ரான் கண்ணில் நழுவிவிடும்.

தையல் இன்றளவும் பிரியவில்லை. குடுவைக் குழாயோ நான்காம் மாதமே கசிந்தது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்ததால், மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ரப்பர்க் குழாயும் கவ்வியும் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. சேற்றில் வாழும் செம்புழுக்களுக்கு இவ்வலை பயன்படாது. அதற்குச் சேறு அள்ளும் கருவி வேறு வேண்டும்.

நழுவும் சிற்றினங்களைப் பிடிக்கக் கண் சிறுத்த வலை வேண்டும்; ஆனால் அது இன்னும் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே அதை வாங்குவோர், வாயகலத்தை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், வடிக்கும் பரப்பைக் கூட்டும் துணியின் நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும். என்னுடையது 60 செ.மீ. மட்டுமே, கோடைக்கு ஒரு மீட்டராவது தேவை.