சாட்ஸ்வர்த்தில் ஆறு சனிக்கிழமைகள்: பெண்களுக்கான நாடகப் பட்டறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் பெண்களுக்காக நடந்த நாடகப் பட்டறையில் ஆறு சனிக்கிழமைகள் கலந்துகொண்டேன். கட்டணம் 300 ராண்ட். வேலை இல்லாதவர்களிடம் வாங்கவில்லை. மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதைத் தவிர, வசதிகளில் குறை இல்லை.

பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் வகுத்த விவாத அரங்கையே பெரிதும் பயின்றோம். ஒடுக்கப்படும் ஒருவரின் கதையை நடித்துக்காட்டி, மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் எழுந்து காட்சியை நிறுத்தி, அவர் இடத்தில் தாமே நின்று வேறு வழி தேட இடம்தரும் முறை அது. கடைசி நாள் அரங்கேற்றத்தில், கணவனிடம் அடிவாங்கும் பெண் 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் கிளம்புகிறாள். குடும்ப மானம் போய்விடும் என்று மாமியார் வாசலில் மறிக்கிறாள். அப்போது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கையை உயர்த்தி, மருமகளாக அல்ல, மாமியாராக நிற்கத் தமக்கு இடம் கேட்டார். போவாலின் வழக்கத்துக்கு அது சற்று மாறானது; ஆயினும் பயிற்சியாளர் அனுமதித்தார். மேடையேறிய பாட்டி தம் கைப்பையை எடுத்துக்கொண்டு, “நட, நானும் வருகிறேன்” என்றார். மண்டபத்தில் பலர் அழுதார்கள், நானும் அழுதேன்.

தெருக்கூத்துக்கு ஒதுக்கிய வாரமும் அருமையானது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கூத்தில் திரௌபதி வேடத்தைக் காலங்காலமாக ஆண்களே கட்டிவந்தார்கள். தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்ற கேள்வியைப் பெண் குரலில் நானே சபையில் கேட்டபோது, சிறுவயது முதல் கோயிலில் கேட்ட கதை எனக்கு வேறாக விளங்கியது.

என் மனக்குறை தில்லையாடி வள்ளியம்மை பற்றிய காட்சியில்தான். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறைசென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பதினாறு வயதுப் பெண்ணை, காந்தியின் சொல்லுக்காக உயிர்விட்ட குழந்தையாக மட்டும் காட்டினார்கள். கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என 1913இல் வந்த தீர்ப்பு, தமிழ்ப் பெண்களின் மனைவி என்ற தகுதியையே பறித்தது. அதனால் கொதித்தெழுந்த பெண்கள் நேட்டாலின் நியூகாசில் நகர நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். இந்தப் பகுதி ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. தமிழும் பாட்டோடு நின்றுவிட்டது. வசனம் முழுதும் ஆங்கிலம்.

இதை முடிவில் பயிற்சியாளரிடம் சொன்னேன். அடுத்த பட்டறைக்கு நியூகாசில் காட்சியைத் தமிழிலேயே எழுதித்தரும்படி கேட்டிருக்கிறார், எழுதத் தொடங்கிவிட்டேன்.