எட்டாந் தலைமுறை என்று விற்கப்பட்ட மடிக்கணினி: கொழும்பில் பழைய கணினி வாங்குவோர் கவனத்திற்கு

காலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், பழைய மடிக்கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடையொன்று, ஆறாந் தலைமுறைச் செயலி (புரொசெசர்) உள்ள கணினியை எட்டாந் தலைமுறை என்று கூறி எனக்கு 85,000 ரூபாய்க்கு விற்றது. வாயால் மட்டும் சொல்லி விற்றிருந்தால் இதை எழுதும் தேவை வந்திராது. கணினியின் திரையே அந்தப் பொய்யைச் சொல்லும்படி செய்து வைத்திருந்தார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை.

மொழிபெயர்ப்பும் தட்டச்சும் என் தொழில். முன்பிருந்த மடிக்கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோனது. திருத்தும் செலவு அதன் பெறுமதியையே தாண்டும் என்று தெரிந்ததும் மாற்றுக் கணினி தேடத் தொடங்கினேன். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதால், விண்டோஸ் 11 முறைப்படி இயங்கும் கணினிதான் வேண்டும் என்று கடையில் தெளிவாகவே சொன்னேன். விண்டோஸ் 11 இற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ஆகவே ஏழாந் தலைமுறைக்கும் எட்டாந் தலைமுறைக்கும் இடையிலான கோடு இப்போது விலையைத் தீர்மானிக்கும் கோடாகிவிட்டது. ஏமாற்றுக்கு வழி திறப்பதும் அதே இடத்தில்தான்.

"ஐயா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, இது வெளிநாட்டுக் கொம்பனியில பாவிச்ச லப்டொப், எயிட்த் ஜென், எஸ்எஸ்டி புதுசு" என்று சொல்லி, கடைக்காரர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து காட்டினார். எயிட்த் ஜென் என்றால் எட்டாந் தலைமுறை; எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சேமிக்கும் வட்டு. அந்தப் பக்கத்தில் செயலியின் பெயர் ஐ5-8350யூ என்றிருந்தது. கைவைக்கும் இடத்தில் எட்டாந் தலைமுறைக்குரிய ஸ்டிக்கரும் ஒட்டப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டில் மட்டும் "ஐ5 லப்டொப், 8ஜிபி, 256 எஸ்எஸ்டி, 6 மாத வொரண்டி" என்று எழுதி, தலைமுறையை விட்டுவிட்டார்கள். நான் கேட்டு வற்புறுத்திய பிறகு, "எயிட்த் ஜென்" என்று பேனையால் ஓரத்தில் சேர்த்துத் தந்தார். பின்னர் என் கையில் இருந்த வலுவான சான்று அந்தப் பேனை எழுத்துத்தான்.

வீட்டிற்கு வந்து பாவிக்கத் தொடங்கியதும் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. விண்டோஸ் உரிமம் பெற்றதல்ல. பூட்டுடைக்கும் மென்பொருளொன்றால் இயக்கப்பட்டிருந்தது, அதற்காக வைரஸ் தடுப்பின் சில பகுதிகளும் நிறுத்தப்பட்டிருந்தன. வாடிக்கையாளர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் உறுதிகளையும் கையாளும் எனக்கு, யார் எழுதியதென்று தெரியாத அத்தகைய மென்பொருள் உள்ள கணினியில் வேலை செய்ய மனம் ஒப்பவில்லை. எனவே விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிவிடுவதென்று தீர்மானித்து, முதலில் எதையும் நிறுவாமல், பென்ட்ரைவிலிருந்து இயக்கிப் பார்த்தேன். மின்ட்டை அப்படி இயக்கும்போது உள்ளிருக்கும் வட்டில் எதுவும் மாறுவதில்லை.

மின்ட்டின் முறைமைத் தகவல் பக்கம் செயலியின் பெயரை ஐ5-6300யூ என்று காட்டியது. செயலியின் உள்ளே கணிப்பைச் செய்யும் கருக்கள் (கோர்) இரண்டு. 8350யூ என்றால் நான்கு இருக்க வேண்டும். மீள இயக்கி, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸினுள் சென்று பார்த்தேன். அங்கும் 6300யூ தான். வட்டுகளைப் பரிசோதிக்கும் மென்பொருளில், "புதுசு" என்று சொல்லப்பட்ட எஸ்எஸ்டி ஏற்கெனவே பதினோராயிரம் மணித்தியாலத்துக்கு மேல் இயங்கியதாகப் பதிவாகியிருந்தது. மேசை விளக்கைச் சரித்துப் பிடித்து ஸ்டிக்கரைப் பார்த்தபோது, அதன் விளிம்பைச் சுற்றிச் சற்றுப் பெரிதான முந்தைய ஸ்டிக்கரின் பசைக்கோடு தெரிந்தது.

விண்டோஸ் எப்படிப் பொய் சொன்னது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் தெரியும் செயலியின் பெயர், விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் உள்ள ஒரு வரியிலிருந்து எடுக்கப்படுவது. கணினி தொடங்கும் ஒவ்வொரு தடவையும் சரியான பெயர் அங்கே எழுதப்படும். ஆனால் அதற்குப் பிறகு ஓடும்படி ஒரு சிறு கட்டளைக் கோப்பை வைத்துவிட்டால், விரும்பிய பெயரை அதன்மேல் எழுதிவிடலாம். விண்டோஸைத் திரும்பத் திறந்து, வேலைகளைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெடியூலரில் தேடியபோது அப்படியொரு கோப்பு இருந்தது. மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை என்பது போன்ற பெயரும் அதற்குச் சூட்டியிருந்தார்கள். விற்பனையாளர் அறியாமல் நேர்ந்த தவறு என்று இதைக் கொள்ள முடியாது.

படங்களுடன் கடைக்குப் போனேன். அங்கு கிடைத்த பதில்தான் எல்லாவற்றிலும் மோசமானது: "நீங்க லினக்ஸ் போட்டிட்டீங்கள், ஓஎஸ் மாத்தினா வொரண்டி இல்லை ஐயா, லினக்ஸில பேர் பிழையாத்தான் காட்டும்." நான் அதுவரை எதையும் நிறுவியிருக்கவில்லை; இயங்குதளத்தை மாற்றக்கூடாதென்ற நிபந்தனை பற்றுச்சீட்டில் எங்கும் இல்லை; இயங்குதளத்தை மாற்றுவதால் இரண்டு கருக்கள் குறையப்போவதும் இல்லை. பயோஸை அங்கேயே திறந்து காட்டுமாறு கேட்டபோது, தொழில்நுட்பப் பொடியன் வெளியே போயிருக்கிறான் என்றார்கள். பிறகு, மேலும் 20,000 ரூபாய் தந்தால் வேறு கணினி தருவதாகச் சொன்னார்கள். காசைத் திருப்பித் தரும்படி கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும், பொருளின் தரம் பற்றிய பொய்யான கூற்றுகளையும் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதும் வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டின் பிரதி, பயோஸ் திரையின் படம், கட்டளைக் கோப்பின் படம், வாட்ஸ்அப்பில் கடைக்காரர் "எயிட்த் ஜென்" என்று அனுப்பிய விளம்பரம் ஆகியவற்றை இணைத்து நான் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் விண்டோஸ் திரையைப் பார்த்துத் திருப்திப்படாமல், காசு கொடுக்கும் முன்பே பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை அது. செயலியின் முழு இலக்கத்தையும் வட்டின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். இன்டெல்லின் அக்காலத்து இலக்கங்களில் கோட்டுக்குப் பின்வரும் முதல் எண்ணே தலைமுறை. மின்ட் உள்ள பென்ட்ரைவ் ஒன்றைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. அதைச் செருக விடாத கடையில் வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மின்ட்டுக்கு மாறியதால் என் தொழிலுக்குக் குறையொன்றும் வரவில்லை. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள், அந்த எழுத்துருவை நிறுவியதும் லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருளில் திறக்கின்றன. ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. சில படிவங்களின் அட்டவணைகள் மட்டும் இடம் பெயர்கின்றன, அவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கடை தந்த எஸ்எஸ்டியை விண்டோஸும் அந்தக் கட்டளைக் கோப்பும் அப்படியே இருக்கக் கழற்றி உறையிலிட்டு வைத்துவிட்டு, வேறொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் மின்ட்டை நிறுவியிருக்கிறேன். விசாரணைக்கு அழைக்கும்போது கணினியுடன் அந்த உறையையும் கொண்டுபோவேன்.