ஃபோர்டு ஸ்டார்ட் ஆகாதபோது: ஃபோர்ஸ்கேன் மென்பொருளும் அதற்கான அடாப்டரும் எவ்வளவு தூரம் உதவும்?

செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது செல்ஃபே அடிக்கவில்லை, டேஷ்போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் படபடவென்று மின்னுகிறது. ஃபிகோ, ஆஸ்பயர், எகோஸ்போர்ட், ஃபியஸ்டா எதுவானாலும் பட்டறையில் வரும் முதல் தீர்ப்பு, "இம்மொபிலைசர் போயிடுச்சு சார்." சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் வண்டியை எடுக்க விடும் திருட்டுத் தடுப்பு அது. இரண்டாவது, "ஈசிஎம் மாத்திடலாம்," அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரையே. முதலாவது பல நேரம் தவறு. இரண்டாவது ஏறக்குறைய எப்போதுமே அவசரம்.

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரில் பிறந்த வண்டிகள் இன்னும் தெருவெங்கும் ஓடுகின்றன. கம்பெனி சர்வீஸ் மையம்தான் பல ஊர்களில் தூரமாகிவிட்டது. அதனால் இந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

ஃபோர்ஸ்கேன் என்பது ஃபோர்டு, மாஸ்டா குடும்ப வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் லேப்டாப்பில் முழு வடிவம், மொபைலில் லைட் வடிவம். வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்டுக்குப் பெயர் ஓபிடி; லேப்டாப்பை அதோடு இணைப்பதுதான் அடாப்டர். பொதுவான ஓபிடி செயலிகள் இன்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசிவிட்டு 'கோளாறு எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். ஃபோர்டின் இம்மொபிலைசரான பேட்ஸ், மாடலைப் பொறுத்து மீட்டர் கிளஸ்டருக்குள்ளோ பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்குள்ளோ (விளக்கு, கதவு போன்றவற்றைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்) இருக்கிறது. அந்த மாட்யூலைத் திறந்து பார்க்கத் தெரிந்ததுதான் இதன் மதிப்பு.

அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபோர்டு வண்டிகளில் மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பான கேன் லைன் இரண்டு உண்டு: ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களில் வேகமானது, 500 கேபிபிஎஸ், 3, 11 பின்களில் மெதுவானது, 125 கேபிபிஎஸ். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற புளூடூத் அடாப்டர் முதல் லைனை மட்டும்தான் பார்க்கும். இரண்டாவதில் இருக்கும் மாட்யூல்கள் அதற்கு இல்லாத மாதிரியே. சுவிட்ச் வைத்த யுஎஸ்பி எல்ம்327 (இவ்வகை அடாப்டர்களின் மூல சிப்) நகலும் வேலை செய்யும், ஆனால் மென்பொருள் கேட்கும்போது மறக்காமல் சுவிட்சை மாற்ற வேண்டும். தானாகவே லைன் மாற்றிக்கொள்ளும் ஓபிடிலிங்க் ஈஎக்ஸ், விலிங்கர் எஃப்எஸ் இரண்டில் ஒன்றை வாங்குவதே நிம்மதி. 'வெர்ஷன் 1.5' என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் எல்ம்327-களைப் பற்றி ஒரு வேடிக்கை: அசல் சிப் தயாரித்த கனடா நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டர். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் அங்கேயே நில்லுங்கள். மின்அழுத்தம் விழும்போது மாட்யூல்கள் ஒவ்வொன்றாக அணைந்து எழும். எழும்போது 'அடுத்தவனிடமிருந்து பதில் இல்லை' என்று ஆளுக்கொரு யு கோடு, அதாவது தொடர்பு அறுந்ததைச் சொல்லும் கோளாறு எண், எழுதி வைத்துவிடும். அதற்குப் பிறகு ஸ்கேன் செய்தால் பத்துப் பன்னிரண்டு கோடு வரிசை கட்டி நிற்கும், அவற்றில் இம்மொபிலைசரும் இருக்கும். செத்த பேட்டரிக்கு ஈசிஎம் மாற்றிய கதையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது அந்தச் சிவப்புப் புள்ளி. சாவியை ஆன் செய்ததும் மூன்று வினாடி எரிந்து அணைந்தால் பேட்ஸ் உங்கள் சாவியை ஏற்றுக்கொண்டது; கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். அணையாமல் வேகமாக மின்னினால் சாவியை ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். எண் காட்டும் வசதி உள்ள மாடல்களில் அதன் பிறகு அது இரண்டு இலக்க எண்ணாக மின்னும். ஒன்று, இடைவெளி, மூன்று என்றால் 13: சாவியிலிருந்து பதிலே இல்லை. 14 என்றால் பாதிப் பதில். 15 என்றால் சிப் இருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்குப் பதியப்படாதது. 16 வந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்திருக்கிறது. ஸ்கேனரே இல்லாமல் இவ்வளவு தெரிந்துவிடும்.

இனி ஸ்கேன். சாவி ஆன், இணைப்பு, எல்லா மாட்யூலையும் படிக்க விடுங்கள். வந்த கோடுகளைச் சேமித்துவிட்டு அழியுங்கள். சாவியை ஆஃப் செய்து அரை நிமிடம் கழித்து மீண்டும் ஆன் செய்து படியுங்கள். திரும்பி வருவது மட்டும்தான் உண்மையான கோடு.

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல். பாடி கோடுக்கும் பவர்டிரெய்ன் (இன்ஜின் பக்கம்) கோடுக்கும் முன்னால் வரும் ஆங்கில எழுத்துகள் வேறு வேறு. நம் வாயில் இரண்டும் 'பி'தான். ஃபோனில் மெக்கானிக்கிடம் 'பி 1260' என்று சொன்னால் அவர் எதைத் தேடுவார் என்பது அவர் அதிர்ஷ்டம். 'பாடி', 'இன்ஜின்' என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள், இங்கேயும் அப்படித்தான்.

இன்ஜின் 1260 என்பது 'திருட்டு உணரப்பட்டது, வண்டி முடக்கப்பட்டது' என்று பொருள். பயமுறுத்தும் வாசகம்தான், ஆனால் அது காரணம் அல்ல, விளைவு. 'ஸ்டார்ட் செய்ய அனுமதி வரவில்லை' என்று இன்ஜின் கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்பு, அவ்வளவே. ஏன் வரவில்லை என்பது பாடி கோடில் இருக்கும். பாடி 1600: சாவியின் சிப்பிலிருந்து சிக்னல் இல்லை. 1601: தவறான சாவி. 1602: சிக்னல் அரைகுறை. 1681: சாவித் துளையைச் (பேரல்) சுற்றியுள்ள ஆன்டெனா வளையத்திடமிருந்து பதில் இல்லை. 2139: இன்ஜின் கம்ப்யூட்டரின் அடையாளமும் பேட்ஸின் அடையாளமும் பொருந்தவில்லை. பழைய ஈசிஎம் வாங்கி மாட்டிய வண்டிகளில் வரும் கோடு இது. புதிய மாடல்களில் எண்கள் வேறு. பக்கத்திலேயே மென்பொருள் விளக்கம் தருவதால் மனப்பாடம் தேவையில்லை.

1600 வந்தால் முதலில் சாவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடு உடைந்தது என்று ஆன்லைனில் புது ஓடு வாங்கி, பழைய ஓட்டிலிருந்து ரிமோட் போர்டையும் பிளேடையும் மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போடுவது நம் ஊர் வழக்கம். பல சாவிகளில் சிப் அந்த போர்டில் இருப்பதில்லை. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புத் துண்டு, ஓட்டின் மூலையில் உள்ள குழியில் தனியாகச் செருகியிருக்கும். குப்பைக்குப் போனது அதுதான். கதவு ரிமோட்டில் திறக்கும், பேரலில் சாவியும் திரும்பும், வண்டி மட்டும் எடுக்காது. சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. பேரலைச் சுற்றியுள்ள வளையம்தான் அதற்கு மின்சாரம் ஊட்டிப் பதில் வாங்குகிறது. ஆகவே பேரலில் திருப்பும் சாவிக்கு சிஆர்2032 செல் மாற்றி இம்மொபிலைசரைச் சரிசெய்ய முடியாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கதை வேறு; அங்கே செல் தீர்ந்தாலே சாவியைக் காணோம் என்று சொல்லும். செல் தீர்ந்த சாவியை எந்த இடத்தில் வைத்தால் எடுக்கும் என்பது ஓனர் மேனுவலில் படத்தோடு இருக்கும்.

1602-க்குப் பெரும்பாலும் காரணம் கூட்டம். ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவி, பெரிய உலோகக் கீசெயின். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு சாவியால் முயலுங்கள். தவறான சாவி போட்டபின் பேட்ஸ் 20 வினாடி யாரையும் கேட்காது, அதனால் சரியான சாவியைப் போட்டு உடனே திருப்பி 'இதுவும் ஓடவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மென்பொருள் காட்டும் நேரடித் தரவில் இரண்டு அளவுகள் பொன். ஒன்று, பதியப்பட்ட சாவிகளின் எண்ணிக்கை. மற்றொன்று, இப்போது பேரலில் இருப்பது பதியப்பட்ட சாவியா என்பது. அது 'ஆம்' என்று காட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். 200-ஐ ஒட்டி ஓடினால் சரி. பூஜ்யத்திலேயே நின்றால் அது இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் வேலை, இம்மொபிலைசர் அல்ல.

மென்பொருள் கைவிடும் இடம் வயரிங். 1681 வந்தால் ஸ்டீரிங் கவரைக் கழற்றி வளையத்தின் கப்ளரைப் பார்க்க வேண்டும். நான்கு கம்பி உள்ள அமைப்பில் ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், மற்ற இரண்டும் தகவலுக்கு. 12 வோல்ட் இல்லையென்றால் ஃபியூஸ். எல்லாம் சரியாக இருந்தால் வளையத்தை மாற்றலாம். எந்த மாட்யூலுமே பேசவில்லை என்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் அளவிடுங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் எங்கோ லைன் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மழைக்காலமாக இருந்தால் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று தேடுவது எந்த ஸ்கேனரையும்விட வேகமான சோதனை.

சாவி புரோகிராமிங் வசதியும் இதில் உண்டு: விண்டோஸ் வடிவத்தில், நீட்டித்த உரிமத்தோடு, எல்லா மாடலுக்கும் அல்ல. அதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். பல மாடல்களில் அந்த வேலை பழைய சாவிகளை எல்லாம் முதலில் அழித்துவிட்டுத்தான் தொடங்கும். அப்படி அழித்தால், முடிக்கக் குறைந்தது இரண்டு சிப் சாவி கையில் இருக்க வேண்டும். ஒரே சாவியோடு தொடங்கினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டியும் நிற்கும். இரண்டு சாவி இருந்தாலும், சார்ஜர் மாட்டாமல் பழைய பேட்டரியை நம்பி இறங்கக் கூடாது. பாதியில் லேப்டாப் தூங்கிப்போனாலும் இதே கதிதான்.

நோய் கண்டுபிடிக்க மட்டும் என்றால், ஃபோர்டு வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். குறை என்று சொன்னால் திரையின் தோற்றம் பழசு, சுருக்கப் பெயர்கள் கண்ணைக் கட்டும், தமிழ் கிடையாது. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். ஓபிடியின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலேயே எப்போதும் 12 வோல்ட் உண்டு. இரண்டு வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் அது மாட்டியே கிடந்தால், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.